அம்மாவின் சத்தம் இருந்த டிஸ்க்

சோலைமேடு எஸ்டேட்,
19.1.2025

அன்புள்ள முத்தண்ணனுக்கு,

பவா எழுதுகிறேன். அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் சுகம். உன் இருமல் நின்றதா? கோயம்புத்தூரில் மிளகை விலை கொடுத்தல்லவா வாங்க வேண்டும் என்று அப்பா சிரிக்கிறார். ஒரு பொட்டலம் கன்னையண்ணன் ஜீப்பில் போடிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறோம். சின்ராசு டீக்கடையிலிருந்து தபாலில் வரும்.

பொங்கலுக்கு வருவாய் என்று அப்பா ஜீப் நிற்கிற வளைவில் போய் நின்றார். ஆட்கள் எல்லாரும் இறங்கிய பிறகும் வண்டிக்குள் குனிந்து பார்த்தாராம். "ஈஸ்வரண்ணே, சீட்டுக்கு அடியிலயா ஒளிச்சு வச்சிருக்கேன் உம்ம மகன? வரலைன்னா ஜீப்பு என்ன செய்யும்" என்று கன்னையண்ணன் கேட்டிருக்கிறார். அப்பா தனியாகத் திரும்பி வந்தார். இத்துடன் இரண்டு பொங்கல் ஆயிற்று.

ஒரு முக்கியமான செய்தி. பேச்சு போன அந்தத் தொண்டை ஆபரேஷனுக்கு மதுரை போவதற்கு முந்தின நாள் நீ அம்மாவை உட்கார வைத்து லேப்டாப்பில் அவள் சத்தத்தைப் பிடித்து வைத்தாயே, அதைக் கேட்க வேண்டும் என்கிறாள். இத்தனை நாள் அப்பா அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். மாட்டுப் பொங்கல் அன்று தானாகவே சிலேட்டில் "என் சத்தத்தைப் போடு" என்று எழுதி என் முன்னால் வைத்தாள்.

லேப்டாப்பைத் திறந்தேன். உன் பெயர் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. அதை எழுதி அனுப்பு. மேட்டுக்கு ஏறினால் டவர் கிடைக்கும், போனிலேயே கேட்கலாம். ஆனால் அங்கே ஜீப்புக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது, எழுதத்தான் வரும். உனக்குத் தெரியாததா.

அன்புத் தங்கை,
பவதாரணி


கோயம்புத்தூர்,
10.2.2025

அன்புள்ள பவாவுக்கு,

அண்ணன் எழுதுவது. மிளகு வந்தது. இருமல் குறைந்திருக்கிறது. அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மா கழுத்தில் கட்டுகிற துணியை வெந்நீரில் அலசுகிறாயா?

பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் கம்பெனியில் சர்வர்களை இரவும் பகலும் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊருக்குப் போகாதவர்கள் யார் என்று கேட்டார்கள். நான் கை தூக்கினேன். சித்திரையில் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்.

நீ படிப்பை விட்டது எனக்கு இன்னும் மனசில் கிடக்கிறது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் நின்றிருக்கலாம். ஒன்பதாம் வகுப்போடு நீ நின்றாய். பத்தாவதைத் தனியாக எழுதலாம், யோசித்துப் பார்.

கேட்டதாக எல்லாருக்கும் சொல்.

முத்துக்கண்ணன்


சோலைமேடு எஸ்டேட்,
23.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை வழக்கம்போல அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முட்டிவலிக்குத் தைலம் போடுகிறார். அம்மா நன்றாக இருக்கிறாள். கடிதம் முடிந்ததும் சிலேட்டைக் காட்டி "அவ்வளவுதானா" என்று கேட்டாள். பாஸ்வேர்டை எழுத மறந்துவிட்டாய் அண்ணே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிற தமிழ்செல்வி அக்காவைத் தெரியுமல்லவா? ஆடியில் புதுக் காய் வருவதற்குள் ஏலக்காய் எடை போட்டுப் பில் அடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னாராம். அக்கா என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். "நீ யாருகிட்டயும் பேச வேணாம்டி, எடைய அடிச்சா அதுவே பில்லத் துப்பும்" என்றாள். எனக்கு ஆசையாக இருக்கிறது. மழையில் நனையாமல், அட்டை கடிக்காமல், ஒரு மூலையில் உட்கார்ந்து செய்கிற வேலை.

லேப்டாப் நாம்தான் கொண்டுபோக வேண்டும், ஆனால் அந்த பில் புரோகிராம் விண்டோஸில்தான் ஓடுமாம். நம் லேப்டாப்பில் நீ போட்ட லினக்ஸ் மட்டும் இருக்கிறது. அதை எடுக்காமல் பக்கத்திலேயே விண்டோஸையும் போடலாம், திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும் என்று அக்கா சொல்கிறாள். அப்படிப் போட்டால் அம்மாவின் சத்தத்துக்கு ஏதாவது ஆகிவிடுமா?

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ சத்தத்துக்கு ஒன்னும் ஆகாதுன்னா போடு. ஆகும்னா அந்தச் சோலியே வேணாம். பில்லு அடிக்க ஊர்ல வேற பிள்ளைக இருக்கு."

வெரசா பதில் போடு.

பவா


கோயம்புத்தூர்,
20.3.2025

அன்புள்ள பவாவுக்கு,

நலம். அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? அப்பாவை ஓடைக்கு இறங்க விடாதே.

விண்டோஸ் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேலைக்குப் போவது நல்லது. தமிழ்செல்வி அக்காவிடம் இந்தத் தாளைக் கொடு.

டிஸ்க் நம் லயம் மாதிரி. ஒரே கூரைதான், ஆனால் சுவர் வைத்து வீடு வீடாகப் பிரித்திருக்கும். லினக்ஸ் ஒரு வீட்டில் இருக்கிறது. என்னுடைய பாடம், படம், பாட்டு எல்லாம் அதற்குப் பக்கத்தில் ஹோம் என்று தனி வீட்டில் இருக்கின்றன. அப்படித் தனியாக வைத்தால் நாளைக்கு லினக்ஸை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டாலும் ஹோமைத் தொட வேண்டியதில்லை. தொடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். புதிதாக வருகிற விண்டோஸுக்கு இடம் வேண்டும். அதற்கு லினக்ஸ் வீட்டைச் சுருக்குங்கள். ஹோமைச் சுருக்கவும் வேண்டாம், நகர்த்தவும் வேண்டாம்.

எது செய்வதற்கு முன்பும் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இதை அழுத்தி எழுதுகிறேன்.

விண்டோஸ் ஏறிய பிறகு ஹோமைப் பார்த்து அதற்கு ஒன்றும் புரியாது. "இதை ஃபார்மட் செய்யவா" என்று கேட்கும். ஃபார்மட் என்றால் எல்லாவற்றையும் துடைத்து வெறும் வீடாக்குவது. வேண்டாம் என்று அமுக்கு. அதற்குப் புரியவில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது.

லயத்தில் வைத்துச் செய்யாதே. ஆபீசில் யு.பி.எஸ். இருக்கிறது, அங்கே செய். ஸ்டோரில் காய் உலர்த்துகிற மெஷின் ஓடாத நாளாகப் பார். அந்த மெஷின் போட்டால் நம் வரிசைக்குக் கரண்ட் விழுந்துவிடும். சுவரை நகர்த்துகிற நேரத்தில் கரண்ட் போனால் எந்தப் பொருள் எந்த வீட்டில் இருந்தது என்று கம்ப்யூட்டருக்கே தெரியாமல் போய்விடும். அந்த லேப்டாப்பின் பேட்டரியை நம்பாதே, அது செத்து வெகு நாளாகிறது.

வேலை நெருக்கடி. சித்திரையிலும் வர முடியாது என்று நினைக்கிறேன்.

முத்துக்கண்ணன்


சோலைமேடு எஸ்டேட்,
11.5.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். கோடை மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா இறங்குவதில்லை, நான்தான் எடுக்கிறேன்.

விண்டோஸ் போட்டாயிற்று. உன் தாளை அக்கா மேஜையில் விரித்து வைத்து வரிவரியாகப் பார்த்துச் செய்தாள். காப்பி எடுக்கச் சொன்ன இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். "பாஸ்வேர்டு எங்கடி?" என்றாள். இன்னும் அனுப்பவில்லை என்றேன். "நல்லாருக்கே. வீட்டுச் சாவிய இடுப்புல செருகிட்டுக் கோயம்புத்தூர்ல உக்காந்துக்கிட்டு, உள்ள கூட்டிப் பெருக்குங்கன்னு எழுதுறானாக்கும் உங்கண்ணன்." அப்புறம், ஹோமைத் தொடாமல்தானே செய்யப்போகிறோம் என்று தொடர்ந்தாள். புதன்கிழமைக்குள் நான் பில் அடித்துக் காட்ட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார், இனியும் காத்திருக்க முடியவில்லை.

நீ எழுதியபடியே எல்லாம் வந்தது. டிஸ்க் நூற்றிருபது ஜி.பி. என்று காட்டியது. அதில் லினக்ஸைச் சுருக்கினோம். எல்லாம் முடிந்து அக்கா கை கழுவப் போனபோது அந்தக் கேள்வி வந்தது, ஃபார்மட் செய்யவா என்று. அப்பா என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். "என்னத்த கேக்குது? என்னத்த கேக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் அவர் பக்கம் பாதி திரும்பியிருந்தேன். வேண்டாம் என்பதைத்தான் அமுக்கினேன். அந்தப் பெட்டி உடனே மறைந்துவிட்டது.

அமுக்கினேன் என்றுதான் நினைக்கிறேன்.

லினக்ஸுக்குப் போகிற வழியை விண்டோஸ் மறைத்துவிட்டது. அக்கா ஒரு பென் டிரைவ் போட்டு அதையும் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது திறந்தால் இரண்டில் எது என்று கேட்கிறது. உன் பெயரை அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. அண்ணே, மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். ஜீப் வரும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள்.

பவா


கோயம்புத்தூர்,
18.5.2025

பவாவுக்கு,

நலம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பாஸ்வேர்டு கீழே இருக்கிறது. சின்ன எழுத்தில் இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும்.

soruvenda

உடம்பைப் பார்த்துக்கொள்.

முத்துக்கண்ணன்


சோலைமேடு எஸ்டேட்,
8.6.2025

அண்ணே,

உடம்புக்கு எல்லாரும் நன்றாக இருக்கிறோம். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு ஜீப்பை விட்டுவிட்டேன்.

கடிதம் வந்த அன்று அம்மா குளித்து, தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். தலைவாரிப் பூவும் வைத்துக்கொண்டாள். நான் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்பே காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்வேர்டு எடுத்தது. உன் பாடங்கள் இருந்தன, நீ எடுத்த மேட்டுப் படங்கள் இருந்தன. அம்மா என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

மூடித் திறந்தேன். வேறு எங்காவது போயிருக்குமா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன். சத்தம் மெதுவாக வருகிறது என்று நினைத்து அம்மா இயர்போனை இரண்டு கையாலும் காதோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடியிருந்தாள். அப்பாதான், "என்னடி, ஒன்னும் கேக்கலையாம்ல அவளுக்கு?" என்றார். அப்போது அழுதுவிட்டேன்.

நான்தான் அழித்திருக்கிறேன் அண்ணே. அந்தக் கேள்வி வந்தபோது கை மாறி அமுக்கியிருக்கிறேன். அப்பாவிடம் அப்படியே சொன்னேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. எழுந்து ஸ்டோருக்குப் போய்விட்டார். அம்மா இயர்போனைக் கழற்றிச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். பூவை எடுத்துச் சாமி படத்தில் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

இதைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா? உனக்குத்தான் தெரியும். சீக்கிரம் எழுது.

பவா


சோலைமேடு எஸ்டேட்,
20.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? போன கடிதம் கிடைத்ததா என்று தெரியவில்லை. மலை ஏறுகிற மெட்டு ரோட்டில் மண் சரிந்து ஒரு வாரம் ஜீப் ஓடவில்லை, அதனால் தாமதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது ரோடு சரியாகிவிட்டது.

அம்மா நன்றாக இருக்கிறாள். அப்பா என்னிடம் பேசுவதில்லை. சோறு வேண்டும் என்றால் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆபீசுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அந்த லேப்டாப்பைத் தொடவே கை வரவில்லை. மறுபடியும் காயெடுக்கப் போகிறேன்.

ஒரு வரியாவது எழுது.

பவா


கோயம்புத்தூர்,
14.8.2025

அன்புள்ள பவாவுக்கு,

கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. எனக்குக் காய்ச்சல், அதனால் எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை.

நீ மனசைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே. கம்ப்யூட்டரில் இப்படி நடப்பது சகஜம். பெரிய பெரிய கம்பெனியிலேயே நடக்கிறது. சின்னப் பிள்ளை நீ, தெரியாமல் நடந்ததற்கு யாரும் உன்னைக் குறை சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல். திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். அதைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். லேப்டாப்பை அப்படியே மூடி வைத்துவிடு.

ஆபீஸ் வேலையை விடாதே.

முத்துக்கண்ணன்


சோலைமேடு எஸ்டேட்,
31.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். காய்ச்சல் முழுவதும் விட்டதா?

உன் கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டவில்லை. முதல் தடவையாக இப்படிச் செய்கிறேன்.

கிருஷ்ண ஜெயந்திக்குப் பலகாரம் கொடுக்கத் தமிழ்செல்வி அக்கா வந்திருந்தாள். நான் ஏன் ஆபீசுக்கு வரவில்லை என்று பிடித்துக்கொண்டாள். சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "கிறுக்கி, நீ ஃபார்மட்ட அமுக்கியிருந்தா உங்கண்ணன் பாடம் மட்டும் எப்படிடி மிஞ்சும்? போனா வீட்டோட போகணும். அம்மா ஃபோல்டர மட்டும் பொறுக்கி எடுத்துத் தின்னுட்டு மிச்சத்த வச்சிட்டுப் போகுமா?" என்றாள்.

அவள் போன பிறகு லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை வைக்கிற இடத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் உனக்கு அதைக் கொடுத்த நாளிலிருந்து இருக்கிறது. டிஸ்க் ஐந்நூறு ஜி.பி. என்று அதில் போட்டிருக்கிறது. விண்டோஸ் போட்ட அன்று திரையில் வந்தது நூற்றிருபது. உனக்கு எழுதியும் இருந்தேன். நீ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திருப்பிப் பார்த்தேன். அடியில் இருக்கிற திருகாணிகளில் இரண்டு மட்டும் வேறு நிறமாக இருக்கின்றன.

அண்ணே, அந்த ஐந்நூறு எங்கே?

வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பவதாரணி


கோயம்புத்தூர்,
14.9.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பவாவுக்கும்,

முத்துக்கண்ணன் எழுதுவது. பவா, இதைத் தனியாக வைத்துக்கொள்ளாதே. மூன்று பேரும் இருக்கும்போது முதலிலிருந்து கடைசிவரை வாசி.

அம்மாவின் சத்தத்தை அழித்தது பவா இல்லை, நான். அவள் விண்டோஸ் போட்டபோது அந்த லேப்டாப்பில் அழிக்க ஒன்றுமே இல்லை.

ஆபரேஷன் முடிந்து வந்த வருஷம், காயெடுப்பு உச்சத்தில் இருந்தபோது, எனக்கு இந்த வேலைக்கான பரீட்சை வந்தது. அதற்கு இன்னொரு லினக்ஸும் போட்டுப் பழக வேண்டியிருந்தது. டிஸ்கில் இடம் இல்லை. ஹோமைக் கொஞ்சம் நகர்த்தினால் இடம் கிடைக்கும். முதலில் காப்பி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் போடிக்கு இறங்கி ஒரு பென் டிரைவ் வாங்கியிருக்கலாம். ஒரு நாள்தான். பொறுக்கவில்லை. லயத்திலேயே வைத்து நகர்த்த ஆரம்பித்தேன். பாதியில் ஸ்டோரில் மெஷின் போட்டார்கள். நமக்குக் கரண்ட் விழுந்தது. பேட்டரி செத்தது என்று தெரிந்தும் அதை நம்பியிருந்தேன். திரை அணைந்துவிட்டது.

அப்பா அன்று ஸ்டோரில்தான் இருந்தார். வந்து "என்னடா, விளக்கு போயிருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்த டிஸ்கைக் கழற்றிவிட்டு, போடியில் பழைய டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டேன். பாடமும் படமும் போனில் இருந்ததால் திரும்ப ஏற்ற முடிந்தது, அம்மாவின் சத்தம் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருந்தது. பெரியது என்னிடம் இருக்கிறது. மீட்டுத் தருகிறோம் என்று சொல்கிற ஒவ்வொரு கடையாகக் கொண்டுபோகிறேன். கிடைத்ததும் போட வேண்டும் என்றுதான் அந்த வெறும் ஃபோல்டரைச் செய்து வைத்தேன். கிடைத்த பிறகு வீட்டுக்கு வரலாம் என்று இருந்தேன். அப்படியே இரண்டு பொங்கல் போய்விட்டது.

இன்னொன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய். பவா விண்டோஸ் போட்டுவிட்டேன் என்று எழுதிய பிறகுதான் நான் பாஸ்வேர்டை அனுப்பினேன். ஏன் அப்போது அனுப்பினேன் என்று அவள் யோசித்திருப்பாள். அவள் நினைத்தது சரி, பழி அவள் மேல் விழும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அவள் அழுது எழுதிய பிறகும் உண்மையைச் சொல்லவில்லை. காய்ச்சல் என்று எழுதினேன். காய்ச்சல் இல்லை.

இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். இத்தனை கடை ஏறி இறங்கியதில் கிடைத்தது இது ஒன்றுதான். சில நொடிகள் இருக்கும். மற்றவை வராது என்று சொல்லிவிட்டார்கள்.

பவா, என்மேல் கோபமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

முத்துக்கண்ணன்


சோலைமேடு எஸ்டேட்,
5.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூவரும் சுகம். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்டு எழுதச் சொன்னார் அப்பா. அவரே சொல்லித்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

நீ சொன்னபடி வாசித்தேன். அழித்தது பவா இல்லை என்கிற இடத்தில் என் சத்தம் இறங்கிவிட்டது. அப்பா, "சத்தமாப் படி" என்றார். படித்தேன். மெஷின் போட்ட இடம் வந்ததும், "அன்னைக்கு சுவிட்சப் போட்டது நாந்தேன்" என்றார். பிறகு, "மேல படி" என்றார். பாஸ்வேர்டு அனுப்பிய இடத்தை நான் தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். அம்மா தாளின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்கூடவே வந்துகொண்டிருந்தாள். அதையும் வாசித்தேன்.

முடிந்ததும் அப்பா தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். "இதுக்காடா ரெண்டு வருசமா வராம இருந்த, கூறுகெட்ட பயலே" என்று உன்னிடம் சொல்வதுபோலக் கதவைப் பார்த்துச் சொன்னார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஆத்தா, வெந்நி வச்சுக் குடு" என்றார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அன்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

பென் டிரைவைப் போட்டோம். இந்தத் தடவை அம்மா சேலை மாற்றவில்லை, இயர்போனும் வேண்டாம் என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். முதலில் இரைச்சல். பிறகு, "இருப்பா, அடுப்புல பாலு பொங்கிரப்போகுது" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பிடித்ததெல்லாம் போய்விட்டது. பாலுக்கு எழுந்து போனதுதான் மிஞ்சியிருக்கிறது.

அப்பா உடைந்து அழுதார். அம்மா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கை காட்டினாள். போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். பிறகு சிலேட்டை எடுத்து "யாரு இது" என்று எழுதினாள்.

"நீதேன்டி" என்றார் அப்பா. அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள். "நான் இப்படிப் பேச மாட்டேன்" என்று எழுதினாள். அவர் எவ்வளவோ சொன்னார். அவள் நம்பவில்லை. தன் சத்தம் கனமாக இருக்கும் என்கிறாள். இது யாரோ சின்னப் பெண் பேசுகிற மாதிரி இருக்கிறதாம்.

எனக்கும் முதல் தடவை கேட்டபோது சட்டென்று பிடிபடவில்லை என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். பாலு என்று இழுத்ததில்தான் தெரிந்தது. அவள் சத்தம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது என்று இருந்தேன்.

கோபமா என்று கேட்டிருந்தாய். கோபம்தான் அண்ணே. சத்தம் போனதற்கு இல்லை, கரண்ட் யாருக்கும் விழும். நான் காயெடுக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வேண்டாம் என்பது இடது பக்கம் இருந்ததா வலது பக்கம் இருந்ததா என்று. அத்தனை நாளும் உனக்குத் தெரியும். அது ஆற நாளாகும். ஆபீசில் குரங்கணியிலிருந்து வந்த ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டார்கள். நன்றாகச் செய்கிறாளாம்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன் அம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் எழுதியது.

பவா

முத்து, அது யாரு சத்தமோ இருந்துட்டுப் போகுது. நீ எப்ப வர்ற.